முதல் செல்லோ: எதைப் பார்த்து வாங்குவது, வந்ததும் என்ன செய்வது

செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம், உட்கார்ந்து வில்லால் வாசிப்பது) வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், உங்கள் ஊரில் அதைப் பழுது பார்க்க யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பிராண்ட், விலை, நிறமெல்லாம் அப்புறம். கீபோர்டு என்றால் பெட்டியைப் பிரித்து, கரன்ட் கொடுத்து வாசிக்க ஆரம்பித்துவிடலாம். செல்லோவில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒட்டப்பட்டிருக்காது. உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற குச்சியும் ஒட்டப்பட்டிருக்காது. தந்தியை முறுக்கும் பிருடைகள் வெறும் உராய்வில் நிற்கின்றன. தந்திகளின் இழுவிசைதான் பிரிட்ஜையும் சவுண்ட் போஸ்ட்டையும் அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. இவற்றைச் சரியாக உட்கார வைக்கும் வேலையைத்தான் செட்டப் என்கிறார்கள். நல்ல செட்டப் உள்ள நடுத்தர செல்லோ புதியவரை வாசிக்க வைத்துவிடும். செட்டப் சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் விரல் வலிதான் மிச்சம்.

ஆகவே பட்ஜெட் போடும்போதே செட்டப்புக்கும் வில்லுக்கும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். கையில் இருப்பது முழுவதையும் வாத்தியத்தில் போட்டுவிட்டு, இனாமாக வந்த வில்லோடு மல்லுக்கட்டுவதைவிட, ஒரு படி கீழான செல்லோ, ஓரளவு நல்ல வில், நல்ல தந்தி என்று பிரித்துக்கொள்வது மேல்.

உறுப்புகள், சுருக்கமாக

மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள். தந்திகள் நான்கு, தடித்ததிலிருந்து மெல்லியது வரை சி, ஜி, டி, ஏ. சி தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ், ஏ தந்தி 220. ஒரு தந்திக்கும் அடுத்த தந்திக்கும் உள்ள தூரம் ச–ப. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது உடனே காதில் பிடிபடும்.

தந்தி பிருடையில் சுற்றி, நட் என்ற சிறு மேட்டைத் தாண்டி, கறுப்பு ஃபிங்கர்போர்டின் மேலாகப் போய், பிரிட்ஜில் ஏறி இறங்கி, டெயில்பீஸில் மாட்டிக்கொள்கிறது. வீணையில் குதிரை என்கிறோமே, அதுதான் பிரிட்ஜ். ஏ தந்திப் பக்கம் பிரிட்ஜின் கால் ஊன்றும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பெட்டிக்குள்ளே, சுமார் 11 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஸ்ப்ரூஸ் குச்சி மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கிறது. சவுண்ட் போஸ்ட் அதுதான். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே குரல் மாறிவிடும். எஃப் வடிவத் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்; வாங்கும்போது கட்டாயம் பாருங்கள். மறுகாலுக்குக் கீழே மேல்பலகையின் உட்புறம் நீளவாக்கில் ஒட்டியிருக்கும் கட்டை பேஸ் பார். மந்தர சுரங்களுக்கு வலுக் கொடுப்பது அது.

அடியில் நீட்டி மடக்கும் கம்பி எண்ட்பின். பெல்ஜியத்தின் செல்லோ கலைஞர் செர்வே (1807–1866) 19-ஆம் நூற்றாண்டில் இதைப் பரவலாக்கும்வரை, பெரும்பாலானவர்கள் செல்லோவைக் கெண்டைக்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டுதான் வாசித்தார்கள். அந்தச் சிரமம் நமக்கு வேண்டாம்.

அளவு

5 அடிக்கு மேல் உயரமுள்ளவர்களுக்குப் பொதுவாக 4/4, அதாவது முழு அளவு. நாலரை முதல் ஐந்து அடி வரை 3/4. நாலு முதல் நாலரை வரை 1/2. அதற்கும் கீழே 1/4, 1/8. முழு அளவில் உடல் மட்டும் 75, 76 செ.மீ. இருக்கும், 3/4 என்றால் 69 சொச்சம். பின்னத்தைப் பார்த்து 1/2 என்றால் பாதி நீளம் என்று நினைத்துவிடாதீர்கள், அதுவே சுமார் 65 செ.மீ.

உயரத்தைவிட இடது கைதான் சரியான அளவுகோல். முழு அளவில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி சுமார் 69 செ.மீ. அந்த நீளத்தில், முதல் நிலையில் (கை நட்டுக்கு அருகே இருக்கும் நிலை) ஆட்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே ஒன்பதரை செ.மீ. தேவை. விரலை நீட்டி வைக்க வேண்டிய இடங்களில் அது 13 செ.மீ.யைத் தாண்டும். கையை மேசைமேல் வைத்து விரித்து, இந்த இரண்டு விரல் நுனிகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். வலியில்லாமல் 14, 15 வந்தால் 4/4 தாராளம். 13-க்கே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் 7/8 கேளுங்கள். பெரியவர்களுக்கும் 7/8 உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கடைகளில் குறைவாகத்தான் கிடைக்கும், தேட வேண்டும்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது, பள்ளிச் சீருடை தைப்பது மாதிரி "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்" என்று ஒரு அளவு கூட வாங்குவது தப்பு. கை எட்டாமல் மணிக்கட்டை மடக்கி வாசிக்கப் பழகிவிட்டால், அந்தப் பழக்கத்தை மாற்றவே இன்னும் இரண்டு வருடம் ஆகும். சின்ன அளவுகளை வாடகைக்கு எடுப்பதே நல்லது. டொரன்டோ, லண்டன் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு மாத வாடகை சுலபம். கட்டிய வாடகையைப் பிற்பாடு விலையில் கழித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. பிரிட்டனில் அரசுப் பள்ளியில் இசை கற்கும் பிள்ளைகள், பள்ளி மூலமாக வாட் வரியில்லாமல் வாத்தியம் வாங்கும் திட்டமும் இருக்கிறது, பள்ளியில் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் செல்லோ வாடகைக்குக் கிடைப்பது அரிது. சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடம் கேளுங்கள். வளர்ந்துவிட்ட மாணவரின் 1/2 எங்காவது ஒரு பீரோவுக்குப் பின்னால் சும்மா நிற்கும்.

கடையில் என்ன பார்ப்பது

இன்று மாணவர்களுக்கு விற்கும் செல்லோக்களில் பெரும்பகுதி சீனாவில் செய்தவை. அதில் குறையொன்றும் இல்லை. துளை வழியாகப் பார்த்தால் "அந்தோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ்" என்று லத்தீனில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். புதையல் என்று குதிக்க வேண்டாம். அந்தப் புகழ்பெற்ற இத்தாலிய வாத்தியக் கைவினைஞர் வகுத்த வடிவத்தைப் பார்த்துச் செய்தது என்பதைத் தாண்டி அதற்கு அர்த்தம் கிடையாது. மனிதர் 1737-இல் இறந்துவிட்டார்.

முதலில் மரம். மேல்பலகை கெட்டி மரத்தைச் செதுக்கியதா, ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தியதா? எஃப் துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். ஒட்டுப்பலகை என்றால் அடுக்கடுக்காகத் தெரியும். செதுக்கியது என்றால் மேலே ஓடும் ரேகை அப்படியே விளிம்பின் தடிமனிலும் இறங்கும். ஒட்டுப்பலகை செல்லோ முரட்டுத்தனமானது, எளிதில் விரிசல் விடாது. பள்ளியில் பத்துப் பிள்ளைகள் கை மாற்றும் இடத்துக்குச் சரி. குரல் மட்டும் அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். ஒருவரே வாசிக்க, ஆசையோடு வாங்குவதென்றால் செதுக்கியதற்கே போங்கள். மேல்பலகை மட்டும் செதுக்கி, பின்பலகையும் பக்கங்களும் ஒட்டுப்பலகையாக இருப்பதும் உண்டு. பணம் இடித்தால் அது நியாயமான சமரசம்.

விளிம்பை ஒட்டி ஓடும் கறுப்புக் கோடு மரத்தில் பதித்ததா, பெயின்ட்டில் வரைந்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பதித்த கோடு விளிம்பில் விழும் விரிசல் உள்ளே ஓடாமல் ஓரளவு தடுக்கும். ஃபிங்கர்போர்டு கருங்காலியாக இருக்க வேண்டும். மலிவானவற்றில் வெளிர் மரத்துக்குக் கறுப்புச் சாயம் அடித்திருப்பார்கள். பக்கவாட்டிலும் அடியிலும் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

அடுத்தது தந்தியின் உயரம். ஃபிங்கர்போர்டு முடியும் இடத்தில் ஏ தந்திக்கு 5 மி.மீ., சி தந்திக்கு 8 மி.மீ. வாக்கில் இருந்தால் சரி. பையில் ஒரு சின்ன ஸ்கேல் கொண்டு போங்கள். பத்து, பன்னிரண்டு என்று இருந்தால் பிரிட்ஜை இழைத்துத் தரச் சொல்லுங்கள், அது சாதாரண வேலைதான். நட் பக்கம் தந்தி ஃபிங்கர்போர்டை ஒட்டினாற்போல, ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். அங்கே உயரமாக இருந்தால் முதல் நிலையில் ஒவ்வொரு விரலும் வலிக்கும். புதியவர் முதல் வருடம் முழுக்க வாசிக்கப்போவதோ முதல் நிலையில்தான்.

பிறகு ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல் முட்டியால் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். தொக், தொக் என்று ஒரே சீராக வரும் சத்தம் ஓரிடத்தில் சலசலத்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. பயப்பட வேண்டாம். பலகை விரிசல் விடுவதற்கு முன்னால் ஒட்டு விடட்டும் என்றுதான் இந்த வேலைக்குத் தண்ணீரில் இளகும் விலங்குப் பசையைப் பயன்படுத்துகிறார்கள். மறுபடி ஒட்டிவிடலாம். சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்தில் நீளவாக்கில் விரிசல் இருந்தால் மட்டும், விலை எவ்வளவு இறங்கினாலும், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாகக் குரல். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது அவசியம். முதலில் நான்கு தந்திகளையும் வெறுமனே வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஜி தந்தியில் ஒவ்வொரு அரை சுரமாக மேலே போகச் சொல்லுங்கள். ஈ-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவே எங்காவது ஒரு சுரம் திடீரென்று உறுமித் திக்கும். செல்லோக்காரர்கள் அதை வுல்ஃப் என்கிறார்கள். பெட்டி இயல்பாக அதிரும் சுரமும் தந்தியின் சுரமும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. அநேகமாக எல்லா செல்லோவிலும் கொஞ்சம் இருக்கும், நல்ல செல்லோவில்கூட. பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் இடையில் தந்தியில் மாட்டும் சின்னப் பித்தளைக் குழாய் அதை அடக்கிவிடும், விலையும் குறைவு. வில்லைத் தூக்கி எறியலாம் போல எரிச்சலூட்டும் அளவுக்கு இருந்தால் அந்த செல்லோ வேண்டாம்.

பிறகு நீங்கள் நாலைந்து மீட்டர் தள்ளி, திரும்பி உட்கார்ந்துகொண்டு, இரண்டு மூன்று செல்லோக்களை மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எது எந்த விலை என்று தெரியாமல் கேட்டால்தான் காது உண்மையைச் சொல்லும்.

வில்லும் ரோசினும்

செல்லோ வில் சுமார் 80 கிராம். வயலின் வில்லைவிடக் கனம், நீளம் சற்றுக் குறைவு. உயர்ந்த வில்கள் பிரேசிலின் பெர்னாம்புகோ மரத்தில் செய்தவை. அந்த மரம் அருகிவிட்டதால் 2007 முதல் அதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. புதியவருக்கு அது தேவையே இல்லை. கார்பன் ஃபைபர் வில் வாங்குங்கள். ஈரத்துக்கும் வெயிலுக்கும் அது வளையாது, கை தவறி விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மர வில் என்றால் துப்பாக்கி பிடிப்பதுபோல் கண்ணுக்கு நேரே பிடித்து, இடமோ வலமோ கோணியிருக்கிறதா என்று பாருங்கள்.

வில்லின் முடியை இறுக்கும்போது, நடுவில் முடிக்கும் குச்சிக்கும் இடையே ஒரு பென்சில் நுழைந்தால் போதும். வாசித்து முடித்ததும் தளர்த்திவிட வேண்டும். முடியை விரலால் தொடாதீர்கள், கையின் எண்ணெய் ஒட்டிய இடத்தில் ரோசின் (முடியில் தேய்க்கும் பிசின் கட்டி) பிடிக்காது.

புது வில்லில் ரோசின் கிடையாது. தந்தியில் வைத்து இழுத்தால் சத்தமே வராது. வாத்தியம் கெட்டுவிட்டது என்று கடைக்கு போன் போடும் கட்டம் இதுதான். புது ரோசின் கட்டியின் மேல்பரப்பும் கண்ணாடி மாதிரி வழுக்கும். மெல்லிய உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிட்டு, வில்லின் அடியிலிருந்து நுனி வரை நிதானமாகத் தேயுங்கள். முதல் தடவை பொறுமையாகப் பல முறை. அதன் பிறகு தினமும் நாலு தேய்ப்பு போதும். கறுத்த ரோசின் பொதுவாக இளகியது, குளிர் ஊர்களுக்கு ஏற்றது. சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் புழுக்கத்தில் அது பிசுபிசுக்கும். வெளிர் நிறத்தில், கொஞ்சம் கெட்டியானதாகக் கேளுங்கள்.

மற்ற சாமான்கள்

நம் வீடுகளில் டைல்ஸ், மொசைக், கிரானைட். எண்ட்பின் அதில் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். நாற்காலிக் காலில் மாட்டும் பட்டை ஒன்று வாங்குங்கள், அதன் மறுமுனையில் எண்ட்பின் குத்தி நிற்கும். அடியில் ரப்பர் வைத்த வட்டத் தட்டுகளும் உண்டு; தூசி படிந்த தரையில் அவையும் நகரும், பட்டைதான் நம்பகம்.

நாற்காலி விஷயத்தில் ஒரு வார்த்தை. கைப்பிடி வைத்து, பின்பக்கம் சரிந்திருக்கும் பிளாஸ்டிக் சேர் இதற்கு ஆகவே ஆகாது. கைப்பிடி இல்லாத, உட்காரும் பலகை சமமாக உள்ள மர நாற்காலியோ ஸ்டூலோ வேண்டும். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே ஏறக் கூடாது.

சுருதி சேர்க்க போனில் ஒரு ட்யூனர் செயலி போதும். டெயில்பீஸில் நான்கு தந்திக்கும் ஃபைன் ட்யூனர் (சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் சின்னத் திருகு) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிருடையோடு போராடும் வேலை பாதி குறையும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் சத்தத்தைக் குறைக்கப் பிரிட்ஜில் மாட்டும் ரப்பர் மியூட் ஒன்று. மெத்தைப் பை போதுமா, கெட்டிப் பெட்டி வேண்டுமா? காரில் வகுப்புக்குப் போய் வருவதற்கு நல்ல தடிமனான பை போதும். பஸ், ரயில் என்றால் கெட்டிப் பெட்டி. விமானத்தில் கொண்டுபோக வேண்டுமென்றால் அதற்கும் ஒரு சீட் வாங்குவதுதான் வழக்கம், லக்கேஜில் போடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

தந்திகளில் டென்மார்க்கின் ஜார்கர், அமெரிக்காவின் டடாரியோ போன்றவை மாணவர்களுக்குப் போதும். செல்லோவோடு வந்த தந்தி தகரம் மாதிரி ஒலித்தால், செல்லோவை மாற்ற நினைப்பதற்கு முன் தந்தியை மாற்றிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த அன்று

ஆன்லைனில் வாங்கியிருந்தால் பிரிட்ஜ் தனியாகக் காகிதத்தில் சுற்றி வரும். உள்ளே டொக்கென்று ஏதாவது உருண்டால் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது. அப்படியே மூடி, பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள். போஸ்ட் இல்லாமல் தந்தியை இறுக்கினால் மேல்பலகை அமுங்கிவிடும்.

போஸ்ட் நிற்கிறது என்றால் பிரிட்ஜை நீங்களே நிறுத்தலாம். செல்லோவை மெத்தைமேல் மல்லாக்கக் கிடத்துங்கள். எஃப் துளைகளின் உட்பக்கம் ஆளுக்கொரு சின்ன வெட்டு இருக்கும். அந்த இரண்டையும் சேர்த்துக் கற்பனையாக ஒரு கோடு போட்டால் அதன்மேல்தான் பிரிட்ஜின் கால்கள் ஊன்ற வேண்டும். உயரமான பக்கம் சி தந்திக்கு, தாழ்ந்த பக்கம் ஏ தந்திக்கு. தந்தி உட்காரும் பள்ளங்களில் பென்சிலால் லேசாகக் கறுப்புத் தீற்றுங்கள், தந்தி சிக்காமல் வழுக்கிப் போகும். நான்கு தந்தியையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி இறுக்குங்கள். இறுக்க இறுக்க பிரிட்ஜின் தலை ஃபிங்கர்போர்டு பக்கம் சாயும். டெயில்பீஸைப் பார்த்த முகம் பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்தால், இரண்டு கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கொண்டு தலையைப் பிடித்து நிதானமாக நிமிர்த்துங்கள். இதைத் தினமும் ஒரு பார்வை பார்க்கும் பழக்கம் வேண்டும். சாய்ந்தபடியே விட்ட பிரிட்ஜ் ஒருநாள் வளைந்தே போகும், இல்லை பட்டென்று விழும்.

பிருடையைத் திருகும்போது உள்ளே அமுக்கிக்கொண்டே திருக வேண்டும். வெறுமனே திருகினால் நழுவும். வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ். இன்னொன்று: சில செயலிகள் "ஏ" என்று எழுத்தை மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி என்று சொல்லாது. 220 ஹெர்ட்ஸைத் தாண்டி மேல் ஏ-வைத் தேடிக்கொண்டு இறுக்கினால் தந்தி அறுந்து கையில் அடிக்கும். எண்ணைப் பார்த்து ஏற்றுங்கள்.

தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜும் விழும், போஸ்ட்டும் விழலாம்.

உட்காரும்போது மேல் விளிம்பு நெஞ்செலும்பில் சாய வேண்டும், சி பிருடை இடது காதுக்குப் பின்னால் வர வேண்டும். எண்ட்பின் நீளத்தை அதற்கேற்ப வையுங்கள். பெல்ட் பக்கிள், சட்டைப் பொத்தான், கழுத்துச் சங்கிலி மூன்றும் பின்பலகை வார்னிஷுக்கு எதிரிகள். சங்கிலியை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள், இல்லை ஒரு துண்டை நடுவே விரியுங்கள்.

ஈரம், வெயில், ஏசி

செல்லோவுக்குப் பிடித்த ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். கடலோர ஊர்களில் வருடத்தின் பெரும்பகுதி அதைவிடக் கூடுதல்தான். ஈரமாகவே இருந்தால்கூடச் சமாளித்துவிடும். ராத்திரி ஏசியில் வறண்டு, பகலில் புழுங்கி, மறுபடி வறண்டு என்று மாறி மாறி அலைக்கழிவதுதான் ஒட்டை விடுவிக்கிறது. ஏசி இல்லாத அறையில், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, பெட்டிக்குள் மூடி வையுங்கள். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடம்கூட விடாதீர்கள். வார்னிஷ் இளகிப் பையின் துணித் தடம் பதியும், பசை விடும்.

வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் தந்தியையும் பலகையையும் துடையுங்கள். படிந்த ரோசின் தூள் நாளாக நாளாக வார்னிஷோடு ஒட்டிப்போகும். தேங்காய் எண்ணெய், பர்னிச்சர் பாலிஷ், சானிடைசர் எதுவும் பலகையில் படக் கூடாது.

நாள்கணக்கில் திறக்காமல் வைத்த பெட்டியில் வில்லின் முடி தானாக அறுந்து கிடந்தால் அது பூச்சி வேலை. இருட்டில் மூடிக் கிடக்கும் பெட்டியில் ஒருவகை வண்டின் புழு முடியைத் தின்னும். பெட்டியை மட்டும் வெயிலில் திறந்து வைத்து, மூலை முடுக்கெல்லாம் வாக்குவம் போடுங்கள். வில்லுக்குப் புது முடி கட்ட வேண்டியதுதான்.

ராகம் வாசிக்க நினைப்பவர்களுக்கு

செல்லோவில் இந்துஸ்தானி வாசிக்கும் சாஸ்கியா ராவ்-டி ஹாஸ், தரையில் உட்கார்ந்து வாசிக்கும்படி, கூடுதல் தந்திகளோடு தனக்கென ஒரு செல்லோவையே அமைத்துக்கொண்டவர். அந்த அளவுக்குப் போகாமல், கையில் இருக்கும் சாதாரண செல்லோவிலேயே ஆரம்பிக்கலாம். கர்நாடக வயலின் மாதிரி ச–ப–ச–ப என்று வைக்க, ஒரு கட்டைதான் (அதாவது ச-வை சி-யில் வைப்பது) சௌகரியம்: சி, ஜி இரண்டையும் தொட வேண்டாம், டி-யை சி-க்கும், ஏ-யை ஜி-க்கும் இறக்கினால் போதும். இறக்குவதால் வாத்தியத்துக்குப் பாரம் குறைகிறது. இரண்டு கட்டைக்குப் போக ஆசைப்பட்டால் சி-யை டி-க்கும், ஜி-யை ஏ-க்கும் ஏற்ற வேண்டிவரும். ஒரு முழு சுரம் ஏற்றினால் அந்தத் தந்தியின் இழுவிசை கால் பங்குக்கு மேல் கூடுகிறது. சாதாரணத் தந்தியை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். அந்தச் சுருதிதான் வேண்டுமென்றால், பழுது பார்ப்பவரிடம் சொல்லி மெல்லிய தந்தி போட்டுக்கொண்டு ஏற்றுங்கள்.